இயந்திரம் பாடினால் என்ன?

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு திரியும் இளைஞர்களைப் பற்றிப் பெரியவர்கள் சலித்துக்கொள்வது புதிதல்ல. அவர்களுள் ஒரு சிறு கூட்டம் விண்வெளி, ரோபோ, வேற்றுக் கிரகம் என்று அறிவியற் புனைகதை சார்ந்த இசையை இணையத்தில் தேடித் தேடிக் கேட்கிறது. அந்தக் கூட்டத்தின்மீது சலிப்பு இன்னும் அதிகம். வீண் வேலை, நமக்கு அந்நியமானது என்பதே பொதுவான தீர்ப்பு. இசை கூடுமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் நுழையவில்லை. அது உலமாக்களின் துறை. ஆனால் இந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்நியம் என்பதைப் பார்ப்போம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள், தானாக இசைக்கும் குழற்கருவி ஒன்றின் அமைப்பை எழுதிவைத்தார்கள். 1206இல் அல் ஜஸரி முடித்த பொறியியல் நூலில், நீர்விசையால் இசைக்கும் பொம்மைகள் அமர்ந்த படகொன்று விவரிக்கப்படுகிறது. இயந்திரத்தை இசைக்கவைக்கும் ஆசை மேற்கிலிருந்து நேற்று வந்திறங்கியதன்று.

1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஐ.பி.எம். 704 கணினி 'டெய்ஸி பெல்' என்ற பழைய பாட்டைப் பாடியது. அதை அங்கே கேட்டு வியந்தவர்களுள் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் ஹால் என்னும் கணினி, தன் நினைவு அணைக்கப்படும்போது பாடுவது அதே பாட்டைத்தான். அந்தக் கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை இந்த நாட்டில் வாழ்ந்தவர். திருகோணமலைக் கடலில் மூழ்கித் திரிந்தவர். 1986இல் வெளிவந்த அவருடைய 'தி சாங்ஸ் ஒஃப் டிஸ்டன்ட் எர்த்' நாவலை வைத்து மைக் ஓல்ட்ஃபீல்ட் 1994இல் முழு இசைத்தொகுப்பே வெளியிட்டார்.

தமிழிலும் இந்த மரபு இல்லாமலில்லை. ஜீனோ என்ற இயந்திர நாயை 'என் இனிய இயந்திரா'வில் நமக்குத் தந்த சுஜாதா, 2008 பெப்ரவரி 27இல் காலமானார். கிளார்க் மறைந்தது அதே ஆண்டு மார்ச் 19இல். சுஜாதாவின் பங்களிப்போடு 2010இல் வந்த 'எந்திரன்' படத்தின் பாட்டொன்றில், கணினித்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்ற மதன் கார்க்கி, ஐசக் அசிமோவின் பெயரையே சேர்த்தார். ஏ.ஆர். ரஹ்மானின் மெட்டைக் கேட்டு, யார் இந்த அசிமோவ் என்று தேடிப்போகும் மாணவன், ரோபோக்களுக்கு அவர் வகுத்த மூன்று விதிகளில் வந்து நிற்பான். இதை வீண் வேலை என்று எப்படிச் சொல்வது?

வீண் என்ற குற்றச்சாட்டுக்கு இன்னும் கனமான பதிலொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையோரத்துக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 'சுனாமி' என்ற சொல்லே நம்மில் பெரும்பாலோருக்கு அன்றுதான் அறிமுகமாயிற்று. ஆனால் 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின் காலித் துறைமுகத்தை அடைந்த பேரலையைப் பற்றிக் கிளார்க் 1957இலேயே தம் நூலொன்றில் எழுதியிருந்தார். அது ஆங்கிலத்தில் கிடந்தது.

இந்தோனேசியாவின் சிமலூ தீவைப் பாருங்கள். 1907இல் அங்கு வந்த பேரலையின் நினைவு, 'ஸ்மோங்' என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் தலைமுறைகளைக் கடந்து வந்தது. நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. பாடநூல் சென்று சேராத இடத்துக்கு அறிவைப் பாட்டு கொண்டுசேர்த்தது. அறிவியலைப் பாட்டில் ஏற்றுவது விளையாட்டுக் காரியம் என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

எனக்குள்ள குறை வேறு. நம் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆனால் ஆக்கவில்லை. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் வைத்தனுப்பிய தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துகள் உள்ளன. அரபு, உருது, சிங்களம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. அதை இனி மாற்ற முடியாது. ஆனால் நாளைய கற்பனையில் நம் குரல் இல்லாமற்போவதைத் தடுக்கலாம். மருதமுனையின் தறிச் சத்தமும், பொல்லடியின் தாளமும், கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டும் நம்மிடம் இருக்கின்றன. ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால் அவற்றை வைத்து ஒரு விண்வெளிக் கதையையே இசையாக்கலாம்.

பெரியவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஏளனத்தை நிறுத்துங்கள். என்ன கேட்கிறாய் மகன், அதில் என்ன கதை இருக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். நூலகங்கள் தமிழில் வந்த அறிவியற் புனைகதைகளுக்கு ஒரு தட்டு ஒதுக்கட்டும். பாடசாலை விஞ்ஞான மன்றங்கள் கட்டுரைப் போட்டியோடு நின்றுவிடாமல் பாட்டுக்கும் கதைக்கும் இடம் கொடுக்கட்டும். இவற்றுக்குப் பெரிய செலவேதும் இல்லை; மனம்தான் வேண்டும்.