தொலைக்காட்சி வந்த பின்

பிஜித் தீவுகளின் நந்த்ரோங்கா பகுதிக்குத் தொலைக்காட்சி 1995இல் வந்து சேர்ந்தது. அதுவரை அங்கிருந்த பூர்விக மக்களிடையே சதைப்பற்றுள்ள உடல் வலிமைக்கும் சுற்றத்தாரின் அக்கறைக்கும் அடையாளமாக இருந்தது; பசியின்மைதான் நோயாகக் கருதப்பட்டது. ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் தலைமையிலான குழு, தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலும் மீண்டும் 1998இலும் பள்ளி மாணவியரை ஆராய்ந்தது. உணவு குறித்த மனப்போக்கு கவலைக்குரிய அளவில் பிறழ்ந்திருந்தவர்களின் பங்கு 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தது. எடையைக் குறைக்க வலிந்து வாந்தி எடுத்தவர் முதல் ஆய்வில் ஒருவரும் இல்லை; இரண்டாவதில் 11.3 விழுக்காட்டினர். திரையில் வரும் பெண்களைப் போல மெலிந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று நம்பியவர்களும் அந்த மாணவியரில் இருந்தனர். ஒவ்வொரு முறையும் ஆராயப்பட்டவர்கள் அறுபது பேருக்குச் சற்றே அதிகம் என்பதால், தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று இந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆயினும் இளம்பெண்களின் உணவுக் கோளாறைத் தனிமனித பலவீனமாகவோ அழகின்மீதுள்ள மோகமாகவோ ஒதுக்குவது எவ்வளவு அநியாயம் என்பதை அது காட்டுகிறது. அடிக்கடி வாந்தி எடுத்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே பிறழும், உயிரும் போகலாம். எனவே பெண்ணின் மதிப்பை இடுப்பளவால் அளக்கும் படங்களைக் கேள்விக்குட்படுத்தப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கண்டிப்போ அறிவுரையோ போதாது. காலம் கடத்தாத மருத்துவமும் மனநல உதவியும் தேவை.