அடைபட்ட கண்ணும் அடைக்கப்பட்ட மொழியும்!

கண்ணைக் கவரும் நோய்களுள் ஓசையின்றி வருவது கண்ணழுத்த நோய். பெரும்பாலார்க்கு நோவு இல்லை, சிவப்பு இல்லை, நீர்வடிதல் இல்லை. முதலில் ஓரப் பார்வை மங்கும். நோயுற்றவர் அதனை உணருமுன்பே பார்வை நரம்பின் பெரும்பகுதி பட்டுப்போயிருக்கும். கண்புரையை அறுத்து நீக்கினால் பார்வை மீளும். இந்நோயால் போன பார்வையையோ உலகின் எந்த மருத்துவராலும் மீட்டுத்தர இயலாது. எஞ்சியிருப்பதைக் காப்பதொன்றே இதற்குள்ள மருத்துவம்!

கண்ணும் ஓர் ஏரியே. அதனுள் ஓயாது ஊறும் தெளிநீர், வலைபோன்ற வடிகால் வழியே ஓயாது வெளியேற வேண்டும். வடிகால் தூர்ந்தால் நீர் தேங்கும், அழுத்தம் ஏறும், நரம்பு நசியும். சொட்டு மருந்தும் ஒளிக்கதிரும் பயன்படாதவிடத்து அறுவையே வழி. 1968-இல் கெயின்சு என்பார் வெளியிட்ட முறையில், கண்ணின் வெண்சுவரில் புதுமதகு ஒன்று திறக்கப்படுகிறது. ஆனால், எந்தப் புண்ணையும் ஆற்றி மூடுவது உடலின் இயல்பன்றோ? திறந்த மதகையும் அது தழும்பிட்டு அடைத்துவிடுவதுண்டு.

இவ்விடர்க்கு விடை தேடியவர் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய அந்தோணி மோல்தெனோ. 1969-இல் அவர் வெளியிட்ட கருவி ஒரு மெல்லிய குழலும் அதன் முனையில் ஒரு தகடும் கொண்டது. இன்றைய முறையில் தகடு கண்ணின் வெண்சுவர்மேல் பின்தள்ளித் தைக்கப்படுகிறது; குழல் முன்னறையிலிருந்து நீரை அங்கே கொண்டு செல்கிறது. தகட்டைச் சுற்றி வளரும் தழும்பே நீர் தங்கும் பையாகிறது. அங்கிருந்து சுற்றியுள்ள இழையங்கள் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. எத்தழும்பு மதகை அடைத்ததோ அத்தழும்பையே ஏவல் கொண்ட அறிவு இது!

212 நோயாளரிடை நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2012-இல் வெளிவந்தது. முன்பே அறுவை கண்ட கண்களில் குழல் பொருத்தியவை 29.8 விழுக்காடும், மதகு திறந்தவை 46.9 விழுக்காடும் தோல்வியுற்றன. எல்லார்க்கும் குழலே ஏற்றது என்பதன்று இதன் பொருள். குழல் வெளித்துருத்தலாம், கருவிழி கெடலாம், இரட்டைப் பார்வை தோன்றலாம். எக்கண்ணுக்கு எது என்பதை மருத்துவர் தெளிந்து கூறவேண்டும். நோயாளி தெளிந்து இசைய வேண்டும்.

இங்கேதான் இரண்டு பொய்கள் குறுக்கே நிற்கின்றன.

“இது செல்வர்க்கு உரிய மருத்துவம்” என்பது முதற்பொய். அயல்நாட்டுக் கருவியை விட்டால் வேறில்லை என்றிருந்த நாளில் அஃது ஓரளவு உண்மையாயிருந்தது. 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்து கண் மருத்துவமனையின் வழிவந்தது அரோலேப் தொழிற்கூடம். அது 2013-இல் தன் வடிகுழற் கருவியை வெளிக்கொணர்ந்தது. அயற்கருவிகளின் விலையில் அதன் விலை ஒரு சிறுபகுதியே! மதுரை மண்ணில் செய்யமுடிந்ததை இன்னும் செல்வர் பொருள் என்பது அறியாமையா, ஏழையின் கண்தானே என்னும் இளக்காரமா?

“இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல முடியாது” என்பது இரண்டாம் பொய், முதலினும் கொடியது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். கடல் கடந்து வந்தவர்க்குக் கைவந்த தமிழ், தமிழ்த்தாய் வயிற்றிற் பிறந்து தமிழர் வரிப்பணத்தில் படித்தவர்க்கு வாராதோ?

மொழி இங்கே அணிகலனன்று, கண்ணின் காவல். மதுரைக் கருவியில் நீரைத் தடுக்கும் அடைப்பிதழ் இல்லை. ஆதலின், நீர் ஒரேயடியாய் வடிந்து கண் தளராதபடி, குழலைக் கரையும் நூலால் கட்டிவிடுகின்றனர். ஏறத்தாழ ஆறு கிழமையில் நூல் கரைந்து குழல் திறக்கும். அதுவரை அழுத்தத்தை அடக்குவது பழைய சொட்டு மருந்தே. இதனை அறியாத உழவர், “அறுவைதான் முடிந்ததே” என்று மருந்தை நிறுத்தினால் எஞ்சிய பார்வைக்கும் கேடு. பின்னொருநாள் குழல் திறந்து பார்வை திடுமெனக் குறைந்தால், உடனே மருத்துவரை நாடவேண்டும் என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். எங்கெல்லாம் ஆங்கிலப் படிவத்தை நீட்டி, விளங்காத தாளில் கைந்நாட்டு வாங்குகின்றனரோ, அங்கெல்லாம் நடப்பது இசைவு பெறுதலன்று, ஏய்ப்பு! ஏரியும் மதகும் அறிந்த உழவர்க்கு மேலே கூறியவற்றுள் விளங்காதது எது?

நாற்பது அகவை கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உடையோரும் ஆண்டுதோறும் கண்ணழுத்தமும் பார்வை நரம்பும் ஆய்ந்தறிக! அறுவை என்றால், எதற்கு, எப்படி, பின் என்ன என்பவற்றைத் தமிழில் கேட்க! தமிழில் எழுதித் தரும்படி வற்புறுத்துக! தமிழில் கேட்பது இரப்பன்று, உரிமை. தமிழில் சொல்வது அருளன்று, கடமை.

கண்ணின் அடைப்பை நீக்கக் குழல் வந்துவிட்டது. மொழியின் அடைப்பை நீக்கத் தமிழர் எழுக!