சங்கக்கடைகள் சேர்ந்து வாங்கட்டும்

வன்னியில் பேரங்காடி என்றதும் கார்கில்ஸ் பூட் சிற்றிதான் நினைவுக்கு வரும். 1844இல் பிரித்தானிய வணிகர்கள் தொடங்கிய கடை அது; இன்று உள்நாட்டு நிறுவனம். கரஃபூர், டெஸ்கோ போன்ற ஐரோப்பியச் சங்கிலிக் கடைகள் ஏ9 வீதிப் பக்கம் வந்ததில்லை. ஆனாலும் அவை கடல்கடந்து வென்றதிலும் தோற்றதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

பிரான்சின் கரஃபூர் 1975இல் பிரேசிலுக்குப் போய் அங்கே வேரூன்றியது. தென்கொரியாவிலிருந்து 2006இல் வெளியேறியது. 2010இல் டில்லியில் மொத்த விற்பனைக் கடை திறந்து, 2014இல் இந்தியாவை விட்டே போனது. பெரிய முதல் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜெர்மனியின் றேவே கதை வேறு. புலம்பெயர்ந்த நம் உறவுகள் அன்றாடம் சாமான் வாங்கும் அந்தக் கடை, 1927இல் கொள்முதல் கூட்டுறவுகளின் ஒன்றியமாகப் பிறந்தது. தனியே நின்றால் விலைபேச வலுவில்லாத சிறு கடைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து வாங்கினார்கள். அந்த ஒன்றியம் 1996இல் ஒஸ்திரியாவின் பில்லாவையே வாங்கி, அதன் வழியே கிழக்கு ஐரோப்பாவிலும் கடை விரித்தது. சுவிசின் மிக்றோவும் கோப்பும்கூடக் கூட்டுறவுகள்தான்.

அப்படியானால் நம்மிடம் இல்லாதது எது? பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கரைச்சியிலும் உண்டு, புதுக்குடியிருப்பிலும் உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த சனத்துக்கு நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சங்கக்கடை வழியாகத்தான் கிடைத்தன. அவ்வளவு நெருக்கடியில் சனத்தைத் தாங்கிய அமைப்பு, இன்று ஊருக்கு ஊர் தனித்தனியே கொழும்பு மொத்த வியாபாரியிடம் கையேந்துகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

இரணைமடுக் குளத்தின் கீழ் விளையும் நெல் லொறி ஏறிப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், அரிசியாகக் கூடிய விலையில் திரும்பி வருகிறது. மரக்கறிக்கும் தம்புள்ளைச் சந்தையைத்தான் நம்பியிருக்கிறோம். விளைபொருளை இங்கேயே மொத்தமாக விற்க வழிசெய்யும் வவுனியாவின் பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா, தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று 2016இல் நம் அரசியல்வாதிகள் பிடித்த சண்டையில் விவசாயிதான் நட்டப்பட்டான்.

கூட்டுறவு மாகாணத்துக்குரிய விடயம். வடக்கு மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தல் இல்லை. ஆனால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் இருக்கிறது. வன்னி மாவட்டங்களின் சங்கங்களை ஒரே கொள்முதல் மேசையில் அது உட்கார வைக்கட்டும். தொடக்கம் அரிசியாக இருக்கட்டும்: வரும் பெரும்போக அறுவடைக்கு முன்னரே விலைபேசி, நெல்லை இங்கேயே குற்றி, முதலில் நம் சங்கக்கடைகளில் விற்க வேண்டும்.