நஷ்டத்துக்குக் கணக்கில் இடமில்லையா?

விவசாயிக்கு வருமான வரி கிடையாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகப் பெருமிதத்தோடு சொல்லப்பட்டு வருகிறது. அந்தச் சலுகையினால் உண்மையில் பயன் பெறுகிறவர் யார் என்ற விசாரணை மட்டும் போதிய அளவு நடைபெறவில்லை. நிலவரி செலுத்துகிறவனிடம் மறுபடியும் வரி கேட்பது தகாது என்ற நியாயத்தை ஒட்டி 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற விலக்கு, சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது. விவசாய வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம் மாநிலங்களுக்கே விட்டுவைத்தது. லாபம் காண்கிற பெருநிலக்காரருக்கு அது வரப்பிரசாதந்தான். போட்ட முதலையும் இழந்து நிற்பவருக்கு அதனால் என்ன கிடைத்தது?

பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் தலைமையில் அமைந்த குழு 1972-இல் செய்த சிபாரிசை ஒட்டி, மறு ஆண்டிலேயே மத்திய சர்க்கார் ஓர் உபாயம் கண்டது. விவசாய வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, வரிக்கு உரிய வேறு வருமானமும் ஒருவருக்கு இருக்குமாயின், அந்த வேறு வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று நிர்ணயிப்பதற்காக இதையும் சேர்த்துக்கொள்வார்கள். இதில் குறை காண நமக்கு மனமில்லை. நிறையச் சம்பாதிக்கிறவர் சற்றே அதிகம் கொடுப்பது முறையே. ஆனால் அதே விதி, சாகுபடியில் நஷ்டம் ஏற்பட்டால் அதைப் பூஜ்யமாகவே பாவிக்கிறது. பின்வரும் 8 ஆண்டுகளில் விவசாயத்தில் லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாமே தவிர, சம்பளத்திலோ கடை வருமானத்திலோ ஒரு காசும் கழிக்க வழியில்லை. தகப்பனார் விட்டுச்சென்ற மூன்று ஏக்கரைத் தரிசாகப் போட மனம் வராமல், தம் ஊதியத்தை உழவுக்கும் நடவுக்கும் செலவழித்து, அறுவடைக் காலத்து மழையில் நெல்லைப் பறிகொடுத்த ஒரு தலைமையாசிரியரைச் சட்டம் முழுச் சம்பளமும் கையில் தங்கியவராகவே கருதுகிறது. லாபத்தைச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த சட்டத்துக்கு நஷ்டத்தைக் கழிக்க மட்டும் ஏன் மனம் வரவில்லை என்று கேட்கிறோம்.

மோசடி பெருகும் என்று அஞ்சுவோர் அமெரிக்காவைக் கவனிக்கலாம். அங்கே பண்ணை லாபத்துக்கும் வரி உண்டு. நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்கவும் இடம் உண்டு. செல்வந்தர்கள் பொழுதுபோக்குப் பண்ணைகளைக் காட்டி வரியைத் தட்டிக்கழிக்காதபடி, 5 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் லாபம் காட்டிய பண்ணையைத் தொழிலாக அனுமானிக்கும் விதியை 1969-இல் வகுத்து, 1986-இல் அதை 3 ஆண்டுகளாக உயர்த்தினார்கள்.

சம்பளமும் இல்லாமல், வருமான வரி அலுவலகத்தின் வாசலையே மிதித்தறியாத பெரும்பான்மையோரின் நிலை இன்னும் பரிதாபகரமானது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுச் சாகுபடிப் பண்ணைகளில் நூற்றுக்கு 86, இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவை. உரத்துக்கு நூற்றுக்கு 5, ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 என்று ஜி.எஸ்.டி. செலுத்துகிறவர்கள் இவர்கள், வியாபாரி தாம் கட்டிய வரியை ஈடு செய்துகொள்வதுபோல் இவர்களால் செய்துகொள்ள முடியாது, பயிர் முற்றிலும் அழிந்தாலும் அந்தப் பணம் திரும்பாது.

ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களின் சாகுபடி நஷ்டத்தை, ஓர் உச்சவரம்புக்குள், பிற வருமானத்தில் கழிக்க அடுத்த நிதிச் சட்டத்திலேயே இடம் தர வேண்டும். இடுபொருள் வரியையோ, மத்திய சர்க்கார் விவசாயிகளுக்கு வழங்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை 2019 முதல் சென்றுசேரும் அதே வங்கிக் கணக்குகளுக்குத் திருப்பி அனுப்பலாம். அதற்கென்று புதிய இலாகா எதையும் ஏற்படுத்த வேண்டியதில்லை.