ஆரல்வாய்மொழிக் காற்று

2024-ஆம் வருஷம் மார்ச் முடிவில் குஜராத்தின் காற்றாலைத் திறன் 11,700 மெகாவாட்டைக் கடந்து, நெடுங்காலம் முதலிடம் வகித்த தமிழ்நாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நம்முடையது சுமார் 10,600. இதைக் குறித்து வருந்தியவர் பலர். நமது வருத்தம் வேறு. தேசத்தின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் நாம் எத்தகைய யந்திரங்களை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரில் இடைவெளி கண்ட இடத்தில் நெருக்குண்டு வேகங்கொள்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் அதை அடுத்த முப்பந்தலும் அத்தகையவை. காற்றின் கணக்கோ விசித்திரமானது. வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். இறக்கையின் நீளம் இரட்டித்தால் அது வளைத்துப் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்காகும். தரையை விட்டு உயர உயரக் காற்றுக்குத் தடை குறைகிறது. இறக்கையைக் காற்று வெறுமனே தள்ளுகிறதென்று பலர் எண்ணுகின்றனர், அப்படியன்று. ஆகாய விமானத்தின் இறக்கையைப்போல் இருபுறமும் அழுத்தம் மாறுபட, அம்மாறுபாடே அதை இழுத்துச் சுழற்றுகிறது. காற்றின் சக்தி முழுவதையும் பறித்துக்கொள்ளவும் இயலாது. பறித்தால் காற்று யந்திரத்தின் பின்னே நின்றுபோய், புதுக் காற்று வர வழியடைந்துவிடும். எத்தனை சாமர்த்தியமான யந்திரமும் 59 சதவீதத்தைத் தாண்ட முடியாதென்று ஜெர்மன் நிபுணர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் கணக்கிட்டு வெளியிட்டார்.

இவ்விதிகளை வைத்துக்கொண்டு நமது கணவாயைப் பார்ப்போம். 1990-களில் அங்கே நாட்டப்பட்டவற்றுள் பல 250 கிலோவாட் யந்திரங்கள். சுழல்வட்டத்தின் விட்டம் முப்பது மீட்டருக்குட்பட்டது. இன்றைய பெரிய யந்திரத்தின் விட்டம் 140 மீட்டர். பரப்பில் இருபது மடங்குக்கு மேல்! முதல்தரமான காற்றைக் குள்ளர்கள் வாயிலில் நின்று மறித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்நாளில் யந்திரத்தின் முழு மதிப்பையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமானவரிச் சட்டம் இடந்தந்தது. மின்சாரத்தை நினைத்து நாட்டியவர்களுடன் வரியை நினைத்து நாட்டியவர்களும் இருந்தனர் என்பது இரகசியமன்று. அவர்கள் முன்வராவிடில் இத்தொழிலே இங்கு வேரூன்றியிராது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பழையதை அகற்றிப் புதியதை நாட்டுவது சுலபமெனில் இதற்குள் நடந்திருக்கும். பெரிய யந்திரங்கள் ஒன்றுக்கொன்று விட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு தூரம் விலகி நிற்கவேண்டும். நெருங்கினால் முன்னது கலக்கிய காற்றே பின்னதற்குக் கிட்டும். எனவே ஒரு புதிய யந்திரத்திற்குப் பல சொந்தக்காரர்களின் துண்டு நிலங்கள் ஒன்றுசேரவேண்டும். பாகப்பிரிவினை வழக்குகளில் ஒரு கிணற்றைப் பங்கிடவே தலைமுறைகள் கழிந்ததைக் கண்டவர்கள் நாம். காற்றைப் பங்கிடுவது எளிதாகுமா?

பழைய யந்திரங்களை மாற்றவும் அவற்றின் ஆயுளை நீட்டிக்கவும் சர்க்கார் 2024-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது. மாற்றுவதும் நீட்டிப்பதும் ஒரே ஏட்டில் இடம்பெற்றால், செலவு குறைந்த நீட்டிப்பையே சொந்தக்காரர் நாடுவர். அது மனித சுபாவம். கணவாய் போன்ற முதல்தர இடங்களிலேனும் நீட்டிப்புக்குக் கெடு விதிக்கவேண்டும். பழைய உற்பத்தியின் விகிதப்படி ஒவ்வொருவருக்கும் புதிய யந்திரத்தில் பங்கு நிர்ணயிக்க ஒரு நடுவர் மன்றம் வேண்டும். சிறு யந்திரங்களுக்கென இழுத்த மின்கம்பிகளையும் அதற்கு முன்னரே பலப்படுத்தவேண்டும். இம்மூன்றில் எதை, எந்த வருஷத்திற்குள் செய்யப்போகிறார்களென்று மந்திரி சட்டசபையில் சொல்லட்டும்.