சங்கற்பமும் சாதகமும்

மார்கழி பிறந்து, விடியற்காலையில் தெருவெங்கும் கோலங்கள் பூக்கத் தொடங்கும் இந்த நாட்களில்தான், கடைவீதியிலே அடுத்த ஆண்டின் காலண்டர்களும் டைரிகளும் அடுக்கடுக்காக வந்து குவிகின்றன. புதிய டைரியைக் கையில் எடுத்துப் புரட்டுகிற எவருக்கும், எழுதப்படாத அந்தப் பக்கங்களைப் போலவே தம்முடைய வாழ்க்கையும் ஒரு நல்ல ஆரம்பத்துக்குக் காத்துக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம் எழுவது இயற்கை. ஆனால் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய டைரிகளைத் தூசி தட்டிப் பார்த்தால், ஜனவரி முதல் தேதியன்று முத்து முத்தான எழுத்தில் பக்கம் நிறைய எழுதப்பட்ட குறிப்பு, பொங்கலுக்கு முன்பே நான்கு வரிகளாகச் சுருங்கி, மாதம் முடிவதற்குள் அடியோடு நின்றுபோய், அதற்கு அப்பால் பால் கணக்கும் சலவைக் கணக்குமே ஆங்காங்கே தென்படுவதைக் காண்கிறோம்.

கணநேரம் மூண்டு கணநேரத்தில் அவிந்துபோகும் மனவுறுதியை நம் பெரியோர் மூன்று விதமாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். புராணப் பிரசங்கம் கேட்டு எழுந்திருக்கும்போது உண்டாகிற புராண வைராக்கியம் ஒன்று. பிரசவ வேதனையில் பிறக்கும் பிரசவ வைராக்கியம் மற்றொன்று. சிதையின் முன்னே நின்று உலக வாழ்வின் நிலையாமையை எண்ணும்போது தோன்றும் மயான வைராக்கியம் மூன்றாவது. புத்தாண்டின் முதல் இரவில் எழும் வைராக்கியத்தை இந்த வரிசையிலே நான்காவதாகச் சேர்க்க வேண்டிய நிலைமையில் நாம் இருக்கிறோம். அமெரிக்காவில் ஜான் நார்கிராஸ் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாவும் 1980களில், புத்தாண்டுச் சங்கற்பம் செய்துகொண்ட 200 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வாரம் முடிந்தபோது 77 சதவீதத்தினர் தங்கள் சங்கற்பத்தைக் காத்து நின்றனர். இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது எஞ்சியவர்கள் 19 சதவீதத்தினரே.

இதைக் கண்டு, சங்கற்பம் செய்வதே வீண் என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நேற்றைவிட நாளை நல்லவனாக வாழ வேண்டும் என்ற ஆசை மனிதனுக்குரிய செல்வங்களுள் மிகச் சிறந்தது. அந்த ஆசைக்கு ஆண்டின் பிறப்பு ஒரு வியாஜமாக அமையுமானால் அதில் குற்றம் ஏதும் இல்லை. குறை ஆசையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சங்கற்பம் செய்துகொண்ட மாத்திரத்தில் காரியம் பாதி முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் இருக்கிறது.

திருக்குறளின் அதிகார முறைவைப்பை நோக்குகிறவர்களுக்கு இதில் ஓர் அரிய வழிகாட்டுதல் கிடைக்கும். பொருட்பாலிலே 66 ஆம் அதிகாரம் வினைத்தூய்மை. 67 ஆம் அதிகாரம் வினைத்திட்பம். 68 ஆம் அதிகாரம் வினைசெயல்வகை. மேற்கொள்ளும் காரியம் முதலில் தூயதாக இருக்க வேண்டும். அடுத்து, அதைச் செய்வதற்கு மனத்திலே திண்மை வேண்டும். திண்மை மாத்திரம் போதாமையால், செய்யும் வகை இன்னதென்று அறிந்திருக்கவும் வேண்டும். அமைச்சனுக்கு வகுத்த இந்த முறை குடும்பஸ்தனுக்கும் மாணவனுக்கும் அப்படியே பொருந்தும். நம்முடைய புத்தாண்டுத் தீர்மானங்களோ பெரும்பாலும் நடுவில் உள்ள திட்பத்தை மட்டும் பற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் கைவிட்டு விடுகின்றன.

தூய்மை என்று இங்கே நான் கொள்வது, லட்சியம் நம்முடைய உள்ளத்தின் தேவையிலிருந்து பிறந்ததா, அல்லது பிறர் மெச்ச வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததா என்ற விசாரணையை. 1880 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21 ஆம் தேதி, கும்பகோணம் கல்லூரியில் அப்போதுதான் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ.வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமுமாகத் தாம் கற்றவற்றையெல்லாம் அவர் அடுக்கிச் சொல்ல, அவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வி அவருடைய வாழ்க்கையையே வேறு வழியில் திருப்பிவிட்டது. தம்முடைய கல்வியில் உள்ள குறையைத் தாமே கண்டு வெட்கப்பட்ட உள்ளத்திலிருந்து அந்த லட்சியம் பிறந்தமையால், கல்லூரியில் பாடம் சொல்லும் வேலைக்கு நடுவிலேயே ஏட்டுச் சுவடிகளைத் தேடியும் ஒப்பிட்டும் ஏழு ஆண்டுகள் அவர் உழைக்க முடிந்தது. 1887 இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. அதன்பின் 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் வெளிவந்தன. ஒரு நல்ல நோக்கம் நிறைவேறும்போது அடுத்த நோக்கத்தைத் தானே ஈன்று தருகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நோக்கம் தூயதாகி, மனமும் உறுதி கொண்ட பிறகு, செய்யும் வகை எப்படி இருக்க வேண்டும்? இங்கேதான் நாம் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள், 1903 ஆம் ஆண்டு வாக்கில், பகவத் கீதையை மனனம் செய்ய விரும்பினார். ஓயாத வேலைகளுக்கிடையே அதற்கென்று தனியே ஒரு பொழுதை ஒதுக்க அவர் முயலவில்லை. காலையில் பல் துலக்குவதற்குப் 15 நிமிஷமும் ஸ்நானத்துக்கு 20 நிமிஷமும் அவருக்குச் செலவாயின. நின்றுகொண்டு பல் துலக்கும்போது கண்ணில் படுமாறு எதிர்ச்சுவரிலே கீதை சுலோகங்களை எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டி வைத்து, அவ்வப்போது அவற்றைப் பார்த்துப் பார்த்து, அன்றன்றைய பகுதியை நெட்டுருச் செய்து, ஸ்நானம் முடிவதற்குள் பழைய பகுதியையும் ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். இவ்விதமாகவே 13 அத்தியாயங்கள் தமக்கு மனப்பாடமாயின என்று தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே வேரூன்றி நிற்கும் ஒரு பழக்கத்தின் மீது புதிய பழக்கத்தைக் கொடியாகப் படரவிட்ட இந்த உபாயம், நம்மில் யாருக்கும் எட்டாத ஒன்றன்று.

பிற்கால ஆராய்ச்சியும் இதையே அரண் செய்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம், உண்பது, பருகுவது, உடற்பயிற்சி ஆகியவற்றுள் தாமே தேர்ந்தெடுத்த ஒரு சிறு செயலை, நாள்தோறும் ஒரே சந்தர்ப்பத்தில், அதாவது காலை உணவுக்குப் பின் என்றோ இரவு உணவுக்கு முன் என்றோ, செய்துவரச் சொல்லி 12 வாரங்கள் கவனித்தார்கள். 2010 இல் அச்சான அந்த ஆய்வின்படி, செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எட்டுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் பிடிக்கின்றன. மனிதருக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை அது வேறுபடும் என்று அவர்கள் கணித்தார்கள். இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படும் வார்த்தையை நம்பி, இருபத்திரண்டாம் நாளில் மனம் முரண்டுகிறதே என்று சோர்ந்து போகிறவர்கள் இந்தக் கணக்கை நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டும். மருந்துக்கும் விரதத்துக்கும் ஒரு மண்டலம் என்று 48 நாட்களை வரையறுத்த நம் முன்னோர், சுபாவம் மாறுவதற்கு அவகாசம் தேவை என்பதை அனுபவத்தால் அறிந்தே இருந்தார்கள்.

இந்த வகையில் ஆராய்ந்தால், மார்கழி மாதத்தை நல்ல பழக்கங்களின் பாடசாலை என்றே நான் கருதுகிறேன். திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் நாளுக்கு ஒன்றாக முப்பது நாட்களுக்குப் பகுக்கப்படுகின்றன. பெரிய காரியம் ஒன்றைத் தினசரி அளவுக்குக் குறுக்கிக்கொள்வது எப்படி என்று ஒரு குழந்தைக்குக்கூட இது விளங்கிவிடும். விடியலுக்கு முன் என்று நேரமும், வாசல் என்றும் கோயில் என்றும் இடமும் நிச்சயமாக இருக்கின்றன. அடுத்த வீட்டு வாசலிலும் அதே நேரத்தில் வாளித் தண்ணீர் தெளிக்கும் ஓசை கேட்பதனால், நம்முடைய சோம்பலுக்கு நாம் மட்டும் சாட்சியாக இருப்பதில்லை. சென்னையிலே இதே மாதத்தில் சபைதோறும் சங்கீதக் கச்சேரிகள் நடைபெறுகின்றன. ராகத்தின் வடிவைக் கேட்டு மெய்மறக்கும் நாம், அதைப் பாடுகிறவர் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மூன்று காலங்களிலும் பாடிப் பாடி, இருள் பிரியாத வேளைகளில் அகார சாதகம் செய்த வருஷங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. சங்கற்பம் ஒரு நாளைக்கு உரியது; சாதகம் எல்லா நாளைக்கும் உரியது. கச்சேரி மேடையில் நாம் கேட்பது சாதகத்தின் குரலே.

மார்கழியில் எதையும் ஆரம்பிக்கலாகாது என்று சிலர் தயங்கலாம். விவாகமும் கிரகப்பிரவேசமும் இம்மாதத்தில் விலக்கப்பட்டிருப்பது, இது முழுவதும் வழிபாட்டுக்கும் நியமத்துக்கும் உரியது என்பதனால்தான் என்று பெரியோர் விளக்குவர். அந்த விளக்கத்தின்படி, நியமம் ஒன்றைத் தொடங்குவதற்கு இதைவிட உகந்த காலம் வேறில்லை. ஆகவே, ஜனவரி முதல் தேதிக்காகக் காத்திராமல் இப்போதே தொடங்குங்கள் என்பதே வாசகர்களிடம் நான் செய்துகொள்ளும் முதல் விண்ணப்பம். மார்கழி முதல் நாளில் தொடங்கிய ஒருவர் 66 நாட்களை எண்ணிக்கொண்டு வந்தால், பொங்கலைக் கடந்து, தையும் கழிந்து, மாசியின் முதல் வாரத்தில் வந்து நிற்பார். புத்தாண்டு பிறக்கிற அன்று அவர் புதிதாக ஒன்றும் சபதம் செய்ய வேண்டியிருக்காது; ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பாதையில் அது மற்றொரு நாளாகவே இருக்கும்.

இரண்டாவது விண்ணப்பம், தவறிய நாளைப் பற்றியது. நம் சங்கற்பங்களுக்கு எமனாக வருவது சோம்பல் என்பதைவிட, ஒரு நாள் தவறியவுடன் எல்லாம் போயிற்று என்று கைகழுவி விடும் மனப்பான்மையே என்பது என் உறுதியான எண்ணம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் அச்சுத்தொழில் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின், 13 நற்குணங்களை வரிசைப்படுத்தி, வாரத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு நான்கு சுற்றுகள் பயின்றார். தவறு நேர்ந்த நாளுக்கு நேராகச் சிறு புத்தகத்தில் கரும்புள்ளி இட்டு, அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதமே ஓட்டையாகிவிட்டதனால், துடைத்து எழுதக்கூடிய தந்தத் தகடுகளுக்குத் தம் கணக்கை மாற்றிக்கொண்டார். ஒழுங்கு என்ற குணம் கடைசிவரை தமக்குப் பூரணமாகக் கைவரவில்லை என்று ஒப்புக்கொண்ட அவர், அந்த முயற்சியினால் தாம் மேலானவராகவும் மகிழ்ச்சியுள்ளவராகவும் ஆனதாகவே எழுதிவைத்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 இல் தொடங்கி 1761 இல் தம் மரணம் வரை எழுதிய தினப்படிச் செய்திக் குறிப்பு இன்று சரித்திரப் பொக்கிஷமாக இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் அந்தக் குறிப்பிலும் இடைவெளிகள் இல்லாமல் இல்லை. லாலியின் ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதும் பாதிக்கவில்லை என்று தெரிகிறது. நார்கிராஸ் கண்ட வெற்றியாளர்களிலோ 53 சதவீதத்தினர் இடையில் சறுக்கினவர்கள். இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 14 முறை சறுக்கி, அத்தனை முறையும் எழுந்து நடந்தவர்கள்.

என் பாட்டி நாள் தவறாமல் வாசலில் பெரிய புள்ளிக் கோலம் போடுகிறவள். கடுமையான ஜுரத்தில் கிடந்த ஒரு மார்கழி விடியலில், வேண்டாம் என்று நாங்கள் தடுத்தும் கேளாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, நான்கே புள்ளிகள் வைத்து, கையகலத்துக்கு ஒரு சுழிக்கோலம் இட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அது எனக்குப் பிடிவாதமாகத் தோன்றியது. அளவைக் குறைக்கலாம், நாளை விட்டுவிடக் கூடாது என்ற பெரிய நீதியை அந்தச் சிறிய கோலம் சொல்லிற்று என்பது வயது சென்ற பிறகே எனக்கு விளங்கியது. ஐந்து மைல் நடக்க முடியாத அன்று தெருமுனை வரையில் நடந்துவிட்டு வரலாம். பத்துப் பக்கம் படிக்க முடியாத அன்று ஒரே பத்தியைப் படித்துப் புத்தகத்தை மூடலாம்.

கடைசி விண்ணப்பம் நம் குடும்பங்களுக்கும் நண்பர்களுக்கும் உரியது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலே குறிப்பிடத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு: பிறருடைய ஆதரவு முதல் ஆறு மாதங்களில் வெற்றிக்கு அவ்வளவாகக் காரணமாகவில்லை, அதற்குப் பின்னரே அதன் பலன் தெரிந்தது. தொடக்கத்திலே அவரவர் உற்சாகமே அவரவரைத் தாங்கிச் செல்கிறது. உற்சாகம் வற்றி, வாழ்த்துச் சொன்னவர்களும் மறந்துவிட்ட பின்னரே மனிதனுக்குத் துணை தேவைப்படுகிறது. புத்தாண்டு அன்று ஒருவர்க்கொருவர் வாழ்த்துக் கூறுவதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதாக நினைப்பதை விடுத்து, நம் பிள்ளையோ தங்கையோ தோழனோ இந்த ஆண்டு என்ன பழக ஆரம்பித்திருக்கிறார் என்பதை மட்டும் நினைவில் குறித்துக்கொள்வோம். ஆறு மாதங்கள் கழிந்து ஆடிக்காற்று வீசும்போது, அவர் அருகில் அமர்ந்து, குற்றம் காணும் தொனி சிறிதும் இன்றி, "அது நடந்துகொண்டு வருகிறதா?" என்று அன்போடு கேட்போம். நின்றுபோயிருந்தால், மறுநாள் விடியலில் நாமும் கூட எழுந்து, அவரோடு நான்கு புள்ளிகள் வைப்போம்.