டிரையத்லான் ஸ்பான்சர் டீமில் சேரலாமா? ஜெர்சிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஞாயிறு அதிகாலையில் சென்னை ஈசிஆர் பக்கமோ, பெங்களூரு நந்தி ஹில்ஸ் சாலையிலோ போய்ப் பாருங்கள். ஒரே நிற ஜெர்சி, முதுகில் நாலைந்து லோகோ, வரிசையாகப் பறக்கும் சைக்கிள்கள். அதில் பாதிப் பேர் திங்கள்கிழமை காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தியாவில் டிரையத்லானுக்கு இப்போது தனி மவுசு. 2019-ல் கோவாவில் முதல் அயர்ன்மேன் 70.3 போட்டி நடந்தது. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். 2024 அக்டோபரில் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா அங்கே ஓடி முடித்தார். அதற்கு முந்தைய மாதம் நடிகை சயாமி கேர் பெர்லினில் இதே தூரத்தை முடித்தார். இரண்டுமே செய்தியாகின.

இந்த மவுசோடு சேர்ந்து ஓர் அழைப்பும் வருகிறது: "எங்க ஸ்பான்சர்ட் டீம்ல சேர்றீங்களா?" கேட்கவே ஜோராக இருக்கும். ஆனால் அந்த டீம் உங்களுக்கு என்ன தரும், உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும்?

தனியா ஓடுற போட்டியில டீம் எதுக்கு?

நியாயமான கேள்வி. கிரிக்கெட்டில் பத்து பேர் சொதப்பினாலும் ஒருவர் காப்பாற்றலாம். டிரையத்லானில் அது நடக்காது. அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் முன்னால் போகும் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்வதே தப்பு. அமெச்சூர்கள் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். டீம்மேட் என்றாலும் சலுகை கிடையாது.

2016-ல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த உலகத் தொடர் இறுதிப் போட்டி பலருக்கு நினைவிருக்கும். முன்னணியில் இருந்த பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லி, வெயில் தாங்காமல் கடைசிக் கட்டத்தில் தள்ளாட ஆரம்பித்தார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து, எல்லைக் கோட்டைத் தாண்டித் தள்ளிவிட்டார். உலகமே நெகிழ்ந்தது. ஆனால் அதன் பிறகு விதி மாறியது. இன்னொரு வீரரை இப்படி நகர்த்திக்கொண்டு போவதற்கு இப்போது அனுமதி இல்லை.

விதிவிலக்குகளும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான கலப்பு ரிலே உண்மையான டீம் போட்டி. பிரான்ஸ், ஜெர்மனியில் கிளப்களுக்கு இடையே லீக் நடக்கிறது. குறுகிய தூரப் போட்டிகளை நடத்தும் சூப்பர்ட்ரை தொடரில் வீரர்களின் புள்ளிகள் டீம் கணக்கில் சேர்கின்றன, கிட்டத்தட்ட ஐபிஎல் பாணியில். ஆனால் கோவாவில் ஓடப்போகும் ஐடி ஊழியருக்கு, போட்டி நாளில் டீமால் செய்ய முடிந்தது கைதட்டுவது மட்டும்தான்.

அப்போ ஸ்பான்சர் ஏன் பணம் போடுறாங்க?

விளம்பரத்துக்கு. அதில் தப்பும் இல்லை.

2015-ல் பஹ்ரைன் மன்னரின் மகன் ஷேக் நாசர் பின் ஹமத் அல் கலீஃபாவின் முயற்சியில் 'பஹ்ரைன் எண்டியூரன்ஸ் 13' என்ற டீம் உருவானது. ஜெர்மனியின் யான் ஃப்ரோடெனோ, சுவிட்சர்லாந்தின் டேனியலா ரிஃப் போன்ற பெரிய பெயர்கள் அதில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் பட்டம் ஃப்ரோடெனோவுக்கு, பெண்கள் பட்டம் ரிஃப்புக்கு. சின்னத் தீவு நாடு ஒன்றின் பெயர் உலக விளையாட்டுப் பக்கங்களில் வந்தது. ஸ்பான்சர் வாங்கியது அந்தப் பெயரைத்தான்.

சைக்கிள், ஷூ, வாட்ச், சப்ளிமென்ட் கம்பெனிகளின் கணக்கு வேறு. இந்த விளையாட்டில் ஓடுபவர்தான் வாடிக்கையாளரும். ஆபீசில் பக்கத்து சீட்டில் இருப்பவர் போட்டிருக்கும் வாட்ச், டிவியில் வரும் சாம்பியனின் வாட்ச்சை விட வேகமாக விற்கும். அதனால்தான் உங்கள் மீது கண் விழுகிறது.

எல்லா ஸ்பான்சர் டீமும் ஒண்ணா?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். மோட்டாவாக மூன்று வகை.

முதல் வகை, தொழில்முறை ஒப்பந்தம். வீரருக்குச் சம்பளமோ ஆண்டுத் தொகையோ உண்டு. இங்கேயும் பணம் மேல்மட்டத்தில்தான் குவிகிறது. 2024-ல் தொடங்கிய டி100 தொடரில் ஒரு போட்டியின் மொத்தப் பரிசு 2.5 லட்சம் டாலர், முதலிடத்துக்கு 25,000 டாலர். அதே ஆண்டின் அயர்ன்மேன் புரோ சீரிஸில் ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 2 லட்சம் டாலர். பட்டியலில் கீழே இருப்பவர் அந்தப் பரிசை வைத்து விமான டிக்கெட், பயிற்சியாளர், பிசியோ எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது. அவர்களுக்கு ஸ்பான்சர்தான் சோறு.

இரண்டாவது வகை, ஆதரவு டீம். சம்பளம் இல்லை. ஆனால் நுழைவுக் கட்டணம், பயிற்சி, சைக்கிள் பராமரிப்பு, பயணச் செலவு, இவற்றில் சிலவற்றை டீம் ஏற்கும்.

மூன்றாவது வகை, பிராண்ட் அம்பாசிடர் டீம். பெயரில் டீம் இருக்கும். கையில் கிடைப்பது பெரும்பாலும் டிஸ்கவுன்ட் கோடு. சில இடங்களில் ஜெர்சியையே நீங்கள்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். பதிலுக்கு மாதம் இத்தனை போஸ்ட், இத்தனை டேக் என்று கணக்கு இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே ஓடுபவர்களுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் இந்த வகைதான்.

டிஸ்கவுன்ட் லாபம்தானே?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் ரூபாய் சைக்கிளுக்கு 30 சதவீதத் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். 90,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் உங்கள் பழைய சைக்கிளே இன்னும் இரண்டு வருஷம் ஓடியிருக்கும் என்றால், நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை, 2.1 லட்சம் செலவு செய்திருக்கிறீர்கள். டீமில் எல்லோரும் அதே பிராண்டில் வரும்போது பழசோடு போய் நிற்பது எளிதல்ல. அந்தக் கூச்சத்தைத்தான் கம்பெனி நம்பியிருக்கிறது.

சட்டப்படி எதைக் கவனிக்கணும்?

போஸ்ட் போடும்போது: இலவசமாகவோ சலுகையிலோ பொருள் வாங்கிக்கொண்டு அதைப் புகழ்ந்தால், அது விளம்பரம். அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதிகளும் அதையே சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால், பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

வரி: தொழில் சார்ந்து கிடைக்கும் இலவசப் பொருளின் மதிப்பு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 2022 ஜூலை 1 முதல் வந்த 194ஆர் விதி இது. பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது சலுகையாகக் கருதப்படாது. நீங்களே வைத்துக்கொண்டால் கருதப்படும். சாதாரண விற்பனைத் தள்ளுபடி இதில் வராது. உங்கள் ஏற்பாடு எந்தப் பக்கம் விழும் என்பதை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆபீஸ்: மூன்லைட்டிங் சர்ச்சைக்குப் பிறகு பல நிறுவனங்கள் வெளி வருமான விஷயத்தில் கறாராகிவிட்டன. ஆஃபர் லெட்டரில் வெளி ஒப்பந்தம் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். எச்.ஆரிடம் மெயிலில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊக்கமருந்து: இதுதான் பெரிய ஆபத்து. அயர்ன்மேன் போட்டிகளில் அமெச்சூர்களையும் பரிசோதிக்கிறார்கள். உடலுக்குள் எது இருந்தாலும் பொறுப்பு வீரருடையது. "ஸ்பான்சர் கொடுத்த பவுடர்தான் சார்" என்பது பதில் ஆகாது. தண்டனைக் காலம் குறைய அது உதவலாம், பழியைத் துடைக்காது. ஒவ்வொரு பேட்ச்சும் மூன்றாம் தரப்பு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டதா என்று கேட்காமல் எந்த சப்ளிமென்ட் டீமிலும் சேராதீர்கள்.

அப்போ டீமே வேண்டாமா?

அப்படி இல்லை. 2025 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஆண்கள் அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப்பில் முதல் மூன்று இடங்களும் நார்வேக்கு: காஸ்பர் ஸ்டோர்னஸ், குஸ்தாவ் இடன், கிறிஸ்டியன் ப்ளும்மென்ஃபெல்ட். இதே மூவர்தான் 2018-ல் பெர்முடாவில் நடந்த உலகத் தொடர் போட்டியிலும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தார்கள். அது குறுகிய தூரம், இது எட்டு மணி நேரப் போட்டி. ஏழு வருஷம் கழித்தும் அதே மூன்று முகங்கள் மேடையில் நின்றன.

இவர்களைச் சேர்த்தது லோகோ இல்லை. தேசியப் பயிற்சித் திட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒரே முகாம், ஒரே அளவீடுகள், தினமும் பக்கத்தில் உங்களை விட வேகமான ஒருவர். ஸ்பான்சர்கள் பிறகு வந்தார்கள்.

ஆகவே ஒரு டீமின் மதிப்பு போட்டிக்கு முந்தைய முந்நூறு நாட்களில் இருக்கிறது. காலை நாலரைக்கு உங்களை எழுப்ப ஒருவர், கடலில் பக்கத்தில் நீந்த ஒருவர், லாரி போகும் ஹைவேயில் தனியாக ஓட்டவிடாத நாலு பேர். இது கிடைக்கிறது என்றால் ஜெர்சிக்குக் காசு கொடுத்தாலும் நஷ்டமில்லை. இது கிடைக்காமல் கோடு மட்டும் கிடைத்தால், நீங்கள் வீரர் இல்லை, கமிஷன் இல்லாத சேல்ஸ்மேன்.

கையெழுத்துக்கு முன் ஆறு கேள்விகள்

1. பணமா, பொருளா, தள்ளுபடியா? எழுத்தில் இருக்கிறதா?

2. மாதம் எத்தனை போஸ்ட்? என் போட்டோவை ஒப்பந்தம் முடிந்த பிறகும் பயன்படுத்துவார்களா?

3. வேறு பிராண்ட் ஷூ போட்டால் என்ன ஆகும்? (காலுக்குப் பொருந்தாத ஷூவோடு 21 கி.மீ. ஓட முடியாது.)

4. காயம்பட்டாலோ கர்ப்பமானாலோ ஒப்பந்தம் நிற்குமா, ரத்தாகுமா?

5. வாரத்தில் எத்தனை நாள் கூட்டுப் பயிற்சி? பயிற்சியாளர் யார்?

6. ஸ்பான்சர் பாதியில் போய்விட்டால் என் நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு?

இதில் ஐந்தாவது கேள்விக்கு "அதெல்லாம் அவங்கவங்க பார்த்துக்குவாங்க" என்று பதில் வந்தால், மற்ற ஐந்தைக் கேட்கவே தேவையில்லை. நன்றி சொல்லிவிட்டு ஞாயிறு காலை வழக்கம்போல ஈசிஆருக்குக் கிளம்புங்கள். லோகோ இல்லாத ஜெர்சியும் அதே வேகத்தில்தான் போகும்.